காயாத ஞானசுந்தரி

நான் நீர்வண்ணத்தில் வரைந்த நாளிலிருந்து எதிர்வீட்டு ஞானசுந்தரி அக்கா காயவில்லை.

தை மாதம் வரைந்தேன். இப்போது சித்திரை. அவர் கணவர் தேவசகாயம் தினமும் காலையில் அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போகிறார். முறுக்கிப் பிழிகிறார். உதறிக் கொடியில் போடுகிறார். தோளுக்கு ஒன்றாக இரண்டு கிளிப். திருச்சி வெயிலில் கம்பளிப் போர்வைகூட மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அக்கா காய்வதில்லை. மாலையில் சொட்டச் சொட்ட இறங்கி வந்து சாம்பாருக்குப் பருப்பு போடுவார்.

அக்காவுக்கு இதில் வருத்தம் இல்லை. கொடியில் தொங்கியபடியே என் படத்தைப் பற்றிப் பேசுவார்.

"கழுத்து நல்லா வந்துருக்கு மரகதம். காதுதான் ரெண்டும் ஒரே காது மாதிரி இருக்கு."

"ஒரே காதைப் பாத்துத்தான்க்கா ரெண்டையும் போட்டேன்."

"அதான பாத்தேன்."

என் முழுப் பெயர் மரகதவல்லி. வயது முப்பத்தொன்பது. புத்தூரில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களை உட்காரச் சொல்வது என் வேலை. போன வருடம் ஒரு வண்ணப்பெட்டி வாங்கினேன். ஏன் என்று கேட்டார்கள். பதில் சொல்ல முயன்றேன். அதற்குள் தாள் காய்ந்துவிட்டது.

நீர்வண்ணத்தில் தண்ணீரை அடக்குவதுதான் வித்தை. எனக்கு அது இன்னும் கைவரவில்லை. தாளில் வழிகிற தண்ணீர் நான் வரைகிறவர்கள் மேலும் வழிந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் குலசேகரன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் எங்கள் மாடியிலேயே கடைசி வீட்டில் இருக்கிறார். வீட்டில் இருக்கும்போதும் கழுத்தில் அடையாள அட்டை போட்டிருப்பார். அதில் அவர் புகைப்படம் இல்லை. சங்கத்தின் புகைப்படம் இருக்கிறது.

"மேடம், நீங்க ஓவியரா?"

"கத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"அப்ப ஓவியர் இல்ல."

"இன்னும் இல்ல."

"ஓவியர் இல்லாதவங்க வரையக் கூடாது."

"வரையாம எப்படி சார் ஓவியர் ஆகறது?"

"அது உங்க பிரச்சினை. ஓவியர் ஆனதும் வந்து சொல்லுங்க, அனுமதி குடுக்கறோம்."

அன்று மாலையிலிருந்து என் வீட்டுக் குழாய்கள் தூரிகையை அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கின. குடத்தை நீட்டினால் தண்ணீர் வந்தது. தூரிகையோடு கிண்ணத்தை நீட்டினால் நின்றது. தூரிகையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குடத்தை நீட்டிப் பார்த்தேன். குழாய் கொஞ்சம் யோசித்தது. இருமியது. நின்றது.

குடிதண்ணீர்க் கேனிலும் அதே கதை. டீயில் வண்ணத்தைக் கலந்து வாட்ச்மேனின் நாற்காலியை வரைந்தேன். நாற்காலி அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. அந்தச் செய்தியும் சங்கத்துக்குப் போனது.

நான் நிறுத்தவில்லை. தண்ணீர் வேண்டாத வேலை எது என்று யோசித்தேன். அச்சு.

லினோ என்பது ரப்பர் போல வளையும் லினோலியம் தகடு. வேண்டாத இடத்தைச் சின்ன உளியால் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மீந்து நிற்கும் பகுதியில் மையை உருட்டி, மேலே தாளை வைத்துத் தேய்த்தால் படம் விழும். முதலில் என் கட்டை விரலைச் செதுக்கினேன். அது ஆறியதும் எங்கள் கட்டடத்தைச் செதுக்கினேன். அழுத்த இயந்திரம் இல்லை. கரண்டியின் முதுகால் தேய்த்தேன். தாளைத் தூக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பிவிடும்.

மறுநாள் காலை கட்டடம் திரும்பியிருந்தது.

படிக்கட்டு மேற்கிலிருந்து கிழக்குக்குப் போயிருந்தது. தரைத்தளத்து வழக்கறிஞர் கோர்ட்டுக்குப் புறப்பட்டு நேராக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்று மனைவி கேட்டார். "ஆமா போல" என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பால்காரர் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய், அங்கிருந்தவர்களிடம் எங்கள் சுகத்தை விசாரித்தார்.

கரண்டியால் தேய்த்ததில் மை எல்லா இடத்திலும் பிடிக்கவில்லை. பிடிக்காத இடங்களில் சுவர் இல்லை. வீட்டுக்கு வீடு வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். ஞானசுந்தரி அக்கா அவர் அடுப்படியில் இருந்தபடியே கையை நீட்டி என் தட்டில் சட்னி ஊற்றினார். சட்னி கொஞ்சம் நீர்த்திருந்தது.

குலசேகரன் வந்தார். கைக்கடிகாரம் வலது கையில் இருந்தது.

"மேடம், என் இதயம் வலது பக்கம் அடிக்குது."

"அடிக்குதுல்ல?"

"அடிக்குது."

"அப்புறம் என்ன சார்."

அவர் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார்.

"தவறுதலா நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிச்சுக்கலாம்."

"தவறுதலா நடக்கல சார். வேணும்னுதான் செஞ்சேன். சரியா வரல. அது வேற, இது வேற."

"வருத்தம் தெரிவிக்க மாட்டீங்க?"

"அடுத்தது இதவிட நல்லா வரும்னு வேணா தெரிவிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண்கள் எனக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போய்விட்டன.

"உங்க 3-இ வீட்டுல யாரு இருக்காங்கன்னு காட்ட சங்கத்துக்கு ஒரு உருவப்படம் வேணும்" என்றார். "தேர்ச்சி பெற்ற ஓவியர் போட்டதா இருக்கணும். ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்குள்ள வரலன்னா 3-இ காலி வீடு."

"நான்தான் இங்க நிக்கிறேனே சார்."

"அது நீங்க சொல்றது."

அன்றைக்கே ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். இருவரும் ஒரே அளவு டேப்பின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தார்கள். மனைவி என்னைச் சுட்டிக் காட்டி, "இங்க பீரோ வைக்கலாம்" என்றார். கணவர் என் உயரத்தை அளந்தார். "பொருந்தும்" என்றார். நான் நகரவில்லை. அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் ஹாலில் உட்கார்ந்தார்கள். ஹாட்பாக்ஸைத் திறந்து இட்லி சாப்பிட்டார்கள். காலி வீட்டில் இட்லி எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

மறுநாள் மொட்டை மாடியில் தேவசகாயம் அண்ணன் என்னிடம் வந்தார். அவர் ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்குத் தரை ஒட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"உன் மேல புகார் எழுதச் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்மா" என்றார்.

"அக்காவுக்குத் தெரியுமாண்ணே?"

"சொல்லல."

கொடியில் அக்கா கண்ணை மூடியிருந்தார். பாதத்தின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"பக்கத்துல படுத்தா சளி புடிக்குது. காய்ச்சல் வருது" என்றார் அண்ணன். "கல்யாணமான நாள்லேருந்து பக்கத்துல படுத்தவன் நான். இப்ப ஹால்ல படுக்கறேன். நீ வரையறத தப்புன்னு சொல்லல. எனக்கு அவ வேணும்."

அவர் மேல் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. வாளியை நகர்த்தி அக்காவின் பாதத்துக்கு நேராக வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

சாயங்காலம் அக்கா சுவர் ஓட்டை வழியாக என் வீட்டுக்குள் வந்தார். தம்பதியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உன் படத்த நீயே போட்டுக்கோ."

"நான் தேர்ச்சி பெறலக்கா."

"உன் மூஞ்சிய உன்னவிட யாரு அதிகமா பாத்துருக்கா?"

"வெறும் கறுப்பா வரும். வண்ணம் வைக்கத் தண்ணி இல்ல."

அக்கா முந்தானையை எடுத்து என் கிண்ணத்தின் மேல் பிழிந்தார். கிண்ணம் நிறைந்தது. நான் தூரிகையைக் கிட்டே கொண்டுபோனேன். தண்ணீர் ஒன்றும் சொல்லவில்லை. அது சங்கத்துத் தண்ணீர் இல்லை.

கண்ணாடியைப் பார்த்து என் முகத்தை லினோவில் செதுக்கினேன். கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே வெட்டினேன். சரியாக அழுத்துவதற்கு இந்த முறை கரண்டியை நம்பவில்லை. வாசலில் கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கும் ரஷீத் பாயிடம் போனேன். இரண்டு இரும்பு உருளைகள், ஒரு பெரிய சக்கரம். அச்சு இயந்திரத்துக்கு வேறு என்ன வேண்டும்.

"கரும்பு போனா சாறு வரும்" என்றார் பாய். "இது போனா என்ன வரும் தங்கச்சி?"

"தெரியல பாய்."

"அப்பப் போட்டுப் பாத்துருவோம்."

உருளைகளைத் துடைத்தார். லினோவின் மேல் தாள், தாளின் மேல் பழைய போர்வைத் துண்டு. சக்கரத்தைச் சுற்றினார். சலங்கை குலுங்கியது. மறுபக்கத்தில் நான் வெளியே வந்தேன்.

கண்ணாடியில் இருந்தவள் அச்சில் திரும்பி, மற்றவர்கள் பார்க்கிற ஆளாக வந்திருந்தாள். எனக்கு அவளைப் பழக்கமில்லை. ஒரு புருவம் ஏறியிருந்தது. யாருக்கும் வழிவிட்டு ஒதுங்குகிறவளாகத் தெரியவில்லை. தாளில் இஞ்சி வாசனை அடித்தது. எறும்புகள் வந்து கோடுகளின் மேல் மட்டும் ஏறி நடந்தன. கோட்டை விட்டு ஒன்றுகூட விலகவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"ஆள் நீதான்" என்றார் பாய். "ஆனா கோவமா இருக்க."

மை காய்ந்ததும் அக்காவின் தண்ணீரில் வண்ணம் கலந்து மேலே பூசினேன். கன்னத்துக்குச் செம்மண். புடவைக்குக் கத்தரிப்பூ. கன்னத்தின் நிறம் கோட்டைத் தாண்டிக் காது வரை ஓடியது. துடைக்கவில்லை. மறுநாள் எழுந்தபோது என் காது ஈரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குலசேகரன் வீட்டு ஹாலில் நடந்தது. தம்பதி பீரோவைக் கொண்டுவந்து விடுவார்களோ என்று அக்கா என் வீட்டிலேயே காவல் இருந்தார். நான் படத்தையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு போனேன். சின்ன உளியைக் கொண்டையில் செருகியிருந்தேன். வேலை செய்யும்போது அங்கே வைப்பது வழக்கம்.

குலசேகரன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இது?"

"நான்."

"யாரு போட்டது?"

"நான்."

"அதாவது, இருக்காங்களான்னு தெரியாத ஒருத்தர், தான் இருக்கறதுக்குத் தானே படம் போட்டுக் கொண்டாந்துருக்காங்க." கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. "கன்னம் வெளிய வழிஞ்சுருக்கு."

"ஆமா. வழிஞ்சுருக்கு."

"சரி பண்ணிக் கொண்டு வர்றீங்களா?"

"இல்ல சார். இது முடிஞ்சு போச்சு. அடுத்தது போடறேன்."

"3-இ காலி" என்றார் குலசேகரன். எல்லோரும் கை தூக்கினார்கள். தேவசகாயம் அண்ணனின் கை பாதி வரை எழுந்து அங்கேயே நின்றுவிட்டது. பாதியும் கணக்கில் சேரும் என்றார்கள். என் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக் கதவு இல்லை.

3-இ என்று எதுவும் எழுதாத வெறும் சுவர். புதிதாக வெள்ளை அடித்திருந்தது. ஓட்டைகள் எல்லாம் பூசப்பட்டிருந்தன. எதிர்வீட்டிலிருந்து அக்காவின் ஈரக் காலடிகள் காரிடாரைக் கடந்து வந்து சுவரில் முடிந்தன. திரும்பி வந்த காலடி ஒன்றும் இல்லை.

என்னோடு வந்த தேவசகாயம் அண்ணன் சுவரில் கன்னத்தை வைத்தார்.

"சுந்தரி."

உள்ளேயிருந்து அந்தத் தம்பதியின் குரல் மெல்லக் கேட்டது. "இவங்கள எங்க வைக்கலாம்?" "ஜன்னல் ஓரம்." "தரை ஊறிடும்." பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"உள்ள என் பொண்டாட்டி இருக்கா சார்" என்றார் அண்ணன்.

"உள்ளேன்னு ஒண்ணு இல்ல" என்றார் பின்னாலேயே வந்த குலசேகரன். "காலி வீட்டுக்கு உள் கிடையாது. தீர்மானத்துல நீங்களும் பாதி கை தூக்கியிருக்கீங்க."

அண்ணன் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வரைய விரும்பவில்லை. வரையவும் எனக்குத் தெரியாது.

"அண்ணே, பெட்டித் தரைக்கு ஒட்டறது லினோலியம்தானே?"

"ஆமா."

"வீட்டுல துண்டு எதாச்சும் கெடக்கா?"

அவர் தன் வீட்டுக்குள் போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய சுருளை இழுத்துக்கொண்டு வந்தார். வேலையில் மிச்சமானதை வீட்டுத் தரைக்குப் போடலாம் என்று வைத்திருந்தாராம். காரிடாரில் விரித்தோம். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. கொண்டையிலிருந்து உளியை உருவினேன்.

"மேடம், கருவிகள் பறிமுதல் ஆயிடுச்சு."

"பையத்தான் சார் கேட்டீங்க. கொண்டைய யாரும் கேக்கல."

மண்டியிட்டுச் செதுக்கத் தொடங்கினேன். கதவு. என் கதவு. கைப்பிடிக்குப் பக்கத்தில் சாவி உரசி உரசி விழுந்த கீறல் வரை எனக்கு அது மனப்பாடம். ரயிலில் மிதிபட வேண்டிய தகடு கெட்டியாக இருந்தது. உளி வழுக்கியது. அண்ணன் தகட்டின் ஓரத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. வழக்கறிஞர் மேலே வந்தார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு என்றுதான் புறப்பட்டாராம். ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. செதுக்கிய துணுக்குகளை ஒரு பெண் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினாள்.

கோடு கோணலாகப் போனது. நிறுத்தி யோசிக்க நேரமில்லை. கோணலோடு போனேன்.

சொல்லி அனுப்பியதும் ரஷீத் பாய் மை டப்பாவையும் மை உருட்டும் உருளையையும் கொண்டு வந்தார். படம் அச்சடித்த அன்று அவற்றை அவரிடமே விட்டிருந்தேன். மையை உருட்டினோம். தகட்டைத் தூக்கிச் சுவரில் சாத்தினோம்.

"அழுத்தணும்" என்றேன். "எல்லா இடமும் ஒரே மாதிரி அழுத்தணும். அழுத்தம் விட்டுப்போன எடத்துல கதவு இருக்காது."

"மெஷினு மாடி ஏறாது தங்கச்சி" என்றார் பாய்.

தேவசகாயம் அண்ணன் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, முழு உடம்போடு தகட்டின் மேல் சாய்ந்தார். பக்கத்தில் பாய் சாய்ந்தார். வழக்கறிஞர் சாய்ந்தார். துடைப்பம் வைத்திருந்தவள் கீழே உட்கார்ந்து முதுகால் அடிப்பக்கத்தை அழுத்தினாள். பாயைத் தவிர எல்லோரும் கை தூக்கியவர்கள்தான். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர் முதுகு அசையவில்லை.

"போதும்" என்றேன்.

தகட்டை மேலிருந்து உரித்தோம். சுவரில் கதவு இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, லேசாகச் சாய்ந்து. கைப்பிடி இடது பக்கம் வந்திருந்தது. திரும்பிப் போன கட்டடத்தில் அதுதான் சரி.

அண்ணன் கைப்பிடியைத் திருகினார். திறந்தது. அவர் உள்ளங்கையெல்லாம் மை.

ஞானசுந்தரி அக்கா ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தார். தலையில் யாரோ ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். அதை இறக்கித் தம்பதியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"எவ்வளவு நேரம்" என்றார்.

அண்ணன் அக்காவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் சட்டை நனைந்தது. வேட்டி நனைந்தது. அக்காவின் முதுகில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

"விடுங்க. சளி புடிக்கும்" என்றார் அக்கா.

"புடிக்கட்டும்" என்றார் அண்ணன். அடுத்த நொடியே தும்மினார். விடவில்லை.

குலசேகரன் சாய்ந்த கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"இது கதவு இல்ல. கதவோட படம்."

"உள்ள போய்ட்டு வாங்க சார். அப்புறம் சொல்லுங்க."

அவர் போகவில்லை. கதவில் ஒரு பூட்டை மாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "செல்லாது" என்றார்.

நான் தகட்டைப் பார்த்தேன். செதுக்கிய கோடுகள் அப்படியே இருந்தன. அச்சில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். ஓர் அச்சோடு தகடு தீர்ந்துவிடுவதில்லை.

"பாய், மை?"

"நெறைய இருக்கு."

பூட்டிய கதவுக்கு அடுத்தே இரண்டாவது கதவைப் போட்டோம். குலசேகரன் அதையும் பூட்டினார். மூன்றாவதைப் போட்டோம். அது கொஞ்சம் மங்கலாக விழுந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அவரிடம் பூட்டுகள் தீர்ந்துபோயின. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"காரிடாரை நீட்டுய்யா. இவங்க வீடு தூரமாப் போகணும். நடந்து வரவே முடியாத தூரத்துக்கு நீட்டு."

வாட்ச்மேன் தயங்கினார். சம்பளம் தருவது சங்கம். காரிடாரின் ஓரத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். அது சத்தமில்லாமல் நீண்டது. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போயின. குலசேகரன் வீடு ஒரு புள்ளியானது. கண்ணுக்கு எட்டிய வரை இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர்.

அவ்வளவு வெற்றுச் சுவரை நான் அதுவரை பார்த்ததில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"அண்ணே, அந்தப் பக்கம் புடிங்க" என்றேன்.